பல்லுத் தாண்டிய சங்கிலி

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவை ஐயா என்போம்; அவர் உரும்பிராயில் கார் திருத்துவார். கொட்டில் வீட்டோடு இருந்தது. சித்தப்பா கார் ஓட்டுவார்.

எங்கள் ஒழுங்கையில் மலாயாவில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்து வந்த ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பென்சன்காரர்தான். ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேகக் கார் ஒன்று வாங்கியிருந்தார். அதில் இரண்டு பேர்தான் இருக்கலாம். மலைநாட்டில் நடக்கும் மலையேற்ற ஓட்டத்தில் அதை ஓடவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஓட்டுவது சித்தப்பா. முதல் மூன்று பேருக்குள் வந்தால் மலாயாவுக்குக் கூட்டிப்போய், மருமகனுடைய மோட்டார்க் கம்பனியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சித்தப்பா சாப்பிடும்போதும் பீங்கான் தட்டை ஸ்டீரிங் மாதிரிச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்.

ஐயா இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவினதும் சித்தப்பாவினதும் தகப்பனார் மலாயாவுக்குப் போனவர். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

ஓட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது காரின் முன்பக்கத்தில் கிலுகிலு என்று சத்தம் கேட்டது. மேட்டில் இழுவையும் குறைந்தது. ஐயா முன்மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு பல்லுச்சக்கரம். அவற்றைச் சுற்றி ஒரு சங்கிலி. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பது அந்தச் சங்கிலியின் கையில். அது நீண்டு போயிருந்தது. விரலால் தூக்கினால் பல்லை விட்டு எழும்பியது. பற்களும் ஒரு பக்கம் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தன.

புதிதாக வாங்குவதென்றால் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஐயா சக்கரங்களைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டார். தேயாத முகம் இழுவைக்கு வந்தது. சங்கிலி பழையதுதான். சத்தம் பாதியாகக் குறைந்தது.

நான் நட்டுகள் போட்ட தகரப் பேணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஐயா என்னிடம் சொன்னார்:

"முன்னுக்கு எவ்வளவும் ஓடலாம். கியரிலை கிடக்கேக்கை பின்னுக்குத் தள்ளினால் சங்கிலி பல்லுத் தாண்டிப்போடும்."

"பிறகு?"

"பிறகென்ன, திரும்பக் கழட்டவேணும்."

புறப்படும் நாள் வியாழக்கிழமை. வெள்ளி மத்தியானத்துக்குள் காரை மலைநாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பெயர் பதிய வேண்டும். காலை எட்டு மணிக்கு நல்ல நேரம். சித்தப்பா தேங்காய் உடைக்கக் கோயிலுக்கு இறங்கினார். "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா தலையில் குட்டினார். நல்ல காரியத்துக்கு இறங்குகிறவரை அப்படிக் கேட்கக்கூடாது.

ஐயா காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். கார் வாசல் படலைக்கு முன்னால் தெற்கே பார்த்து நின்றது.

அப்போதுதான் மாமி வெளியே வந்தார். ஐயாவின் தமக்கை. எங்களோடு இருந்தார்.

"வியாழன் தெற்கை சூலம், போகக்கூடாது. உந்தக் காரை வடக்கை பாக்க விடுங்கோ. நாலு முழம் வடக்கை போயிட்டுப் பிறகு எங்கையெண்டாலும் போகட்டும்."

என் அண்ணையும் பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் வந்தார்கள். பின்னுக்குத் தள்ளிப் படலைக்குள் ஏற்றித்தான் திருப்ப வேண்டும். பாரமில்லாதவள் என்று என்னைத் தூக்கி உள்ளே இருத்தி ஸ்டீரிங்கைப் பிடிக்கச் சொன்னார்கள். கார் அசையவில்லை.

"ஓடேக்கைதான் குதிரை. நிண்டால் எருமை," என்றார் ஒருவர்.

"நீர் காலமை கஞ்சி குடிக்கேல்லைப் போலை. தள்ளும்!" என்றார் மாமி.

தள்ளினார்கள். கார் விக்கி விக்கிப் பின்னுக்குப் போனது. கியரில் கிடந்தால்தான் அப்படி விக்கும். எனக்கு அது தெரியும். வாயைத் திறந்தேன்.

"நல்ல நேரத்திலை தடைச்சொல் சொல்லாதையடி," என்றார் மாமி.

மூடிக்கொண்டேன். முன்னால் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. மாமி "ஆ, வருகுது, வருகுது" என்றார். கார் வடக்கே பார்த்தது.

சித்தப்பா திருநீறும் சந்தனமுமாக வந்து கியரை எடுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் கம்பியை முன்னால் போட்டுச் சுற்றினார். எஞ்சின் இருமியது. புகை கக்கி நின்றது. மறுபடியும் சுற்றினார். மறுபடியும் அதேதான். ஐயா ஈரத்தலையோடு வந்து, சித்தப்பாவை இன்னொரு தரம் சுற்றச் சொல்லி, காதைக் கொடுத்தார்.

"பல்லுத் தாண்டியிட்டுது."

"ஆர் தள்ளினது?" என்று சித்தப்பா கத்தினார்.

"நான்தான் தள்ளச் சொன்னனான். சூலமெல்லோ?"

"சூலமும் மண்ணாங்கட்டியும்!"

"கோயிலாலை வந்த வாயாலை உப்பிடிக் கதையாதை."

சித்தப்பா ஐயாவிடம் திரும்பினார். "எவ்வளவு நேரம் செல்லும், அண்ணை?"

"பாப்பம்."

முதல்முறை அந்த மூடியைக் கழற்றி எடுக்க ஐயாவுக்கு ஒரு மணித்தியாலம் போனது. அன்று மூன்று போனது. ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் துடைத்தார். மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் போடும் கடுதாசி வளையம் நல்லாகத்தான் இருந்தது; அதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டினார். இரண்டு தரம் தேத்தண்ணி கேட்டார். சித்தப்பா ஒழுங்கையில் நடந்துகொண்டிருந்தார். பென்சன்காரர் தொப்பியோடு வந்து வேலிக் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றரை மணிக்கு எஞ்சின் ஓடியது. அதற்கு முன் அப்படி நல்லாக ஓடியதில்லை.

பென்சன்காரர் திரும்ப வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆனையிறவு தாண்டப் பொழுதுபட்டிடும். காட்டுக்குள்ளை யானை வந்தால் ஆர் பதில் சொல்லுறது? வேண்டாம் தம்பி."

சித்தப்பா திருநீறை அழித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

அடுத்த மாதம் பென்சன்காரர் வேறு ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். சித்தப்பா சந்தைக்கு லொறி ஓட்டினார். மாமியோடு ஒரு வருசம் கதைக்கவில்லை.

சங்கிலி பல்லுத் தாண்டிய அன்று நான் அடிக்குக் காத்திருந்தேன். ஸ்டீரிங்கைப் பிடித்தவள் நான். தெரிந்தும் பேசாமல் இருந்தவள் நான். ஐயா கார் திருத்தும் ஆயுதங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். நான் அழுதேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீ ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை."

என்னைத் தேற்றச் சொன்னது என்று நினைத்தேன். கனகாலம் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகும் அந்தக் கொட்டிலில் எத்தனையோ கார்கள் வந்து போயின. கலியாணமாகிப் போகும்வரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குளிக்கப் போனாலும் சாப்பிடப் போனாலும் ஐயா முதலில் கியரை எடுத்துவிடுவார். கியர்க் கம்பை ஆட்டிப் பார்ப்பார். பிறகு சில்லு உருளாமல் கல் வைப்பார். ஒரு தரமும் மறந்து நான் காணவில்லை. அந்த வியாழக்கிழமை மட்டும் கார் கியரில் கிடந்தது, சில்லுக்குக் கல்லும் இல்லை. அன்றைக்குத் தெற்கே சூலம் என்பது அவருக்கும் தெரியும். தன் தமக்கையையும் தெரியும்.

மலை வளைவுகளுக்குப் பயந்தாரோ, கப்பலுக்குப் பயந்தாரோ, நான் கேட்டதில்லை. ஆனால் ஐயா அன்று எனக்குச் சொன்னது உள்ள உண்மை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.