பலகையைத் தூக்கச் சொன்னவர்

நரிக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாயின் கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாசல், அருஞ்சுனையின் பொறுப்பில் இருந்தது. தண்ணீரைக் கூடுதலாகத் தேக்க அந்த வாசலில் பலகை போட்டு அடைப்பது எங்கள் வழக்கம். பலகையை எப்போது தூக்குவதென்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள், சத்தமாகப் பேசத் தெரியாது. சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

எண்பத்தொன்பது ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது, புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னது. கரை பழசு. அதன் அடியிலேயே அவர் தங்கை சௌந்தரத்தின் வீடு. "தூக்குங்கப்பா" என்றார். தேக்கிய தண்ணீர் ஓடியது. புயலோ ஆந்திராவுக்குப் போய்விட்டது! அப்புறம் ஒரு தூறல்கூட இல்லை. தை மாதம் பால் பிடிக்கிற நேரத்தில் நெல் காய்ந்துபோனது.

ஊர் அவரை விடவில்லை. தூக்காமல் இருந்து, புயலும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு ஆள் கேட்க வேண்டுமே! உடையாத கரையை யாரிடம் காட்டி அவர் நியாயம் கேட்பார்? டீக்கடையில் பொன்ராஜ், "அவுக ரேடியோ ஸ்டேஷனுக்கே ஆபீசருல்ல" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சௌந்தரமே, "என் வீட்டப் பாத்து ஊரு வயித்துல அடிச்சுட்டியேண்ணே" என்று அழுதாள். அதில்தான் மனிதர் ஓய்ந்துபோனார்.

மூன்று வருஷம் கழித்து அதே ஐப்பசி, அதே ரேடியோ, அதே நிறைந்த கண்மாய். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு ஆளைக் கலுங்குக்கு வரச் சொன்னார்.

"எல்லாரும் சேந்து சொல்லுங்க. ஒத்தையில சொமக்க என்னால ஏலாது. சலிச்சுப்போச்சு."

"நீங்க சொல்லுங்க மாமா, தூக்குறோம்" என்றான் பொன்ராஜ்.

"நீதான் சொல்லேன் மாப்ளே."

"நான் எப்பிடிச் சொல்ல? மழ பெய்யலைன்னா?"

பலகையில் ஒரு கை படவில்லை. பொழுது சாயவும் ஆளாளுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

விடிவதற்குள் பேய்மழை கொட்டிக் கரை உடைந்தது. சௌந்தரம் பிள்ளைகளோடு கோயில் மேட்டுக்கு ஓடித் தப்பினாள். வீடும் ஆடுகளும் போய்விட்டன.

காலையில் பொன்ராஜ் சொல்கிறான், "அன்னைக்குச் சொன்னவுக இன்னைக்கு வாயத் தொறந்திருக்கலாம்ல?" அடப்பாவி! எனக்கு வந்த ஆத்திரம் அருஞ்சுனைக்கு வரவில்லை. அவர், வீட்டுச் சுவர் இருந்த இடத்தில் நின்ற தங்கையிடம் போனார்.

"ஏண்ணே, நான் திட்டுனேன்னுதான் பேசாம இருந்துட்டியா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு சேற்றில் புதைந்து கிடந்த ஆட்டுக் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.