எஞ்சின் வம்சம் சொன்ன மாப்பிளை

தொண்ணூறுகளின்ரை நடுவில நான் ரொறன்ரோவில வந்து இறங்கேக்குள்ள, பாஸ்போட்டில இருந்த விசாவே எனக்கொரு வெருட்டு மாதிரித்தான் இருந்தது. மூண்டு மாதத்துக்குள்ள பேசின மாப்பிளையைக் கட்டவேணும், இல்லாட்டித் திரும்பிப் போகவேணும். மாப்பிளையை நான் போட்டோவில மட்டும்தான் பார்த்தனான். கலியாணம் முடியுமட்டும் ஸ்காபரோப் பக்கம் அஜின்கோர்ட்டில சின்னம்மா வீட்டில இருக்கிறதெண்டு ஏற்பாடு.

சின்னம்மா அம்மாவின்ரை தங்கச்சி. அன்பெண்டால் அப்பிடியொரு அன்பு. ஆனால் விசாரிக்க வெளிக்கிட்டால் பொலிசும் தோத்துப்போகும். ஆரும் ஒரு பெடியனைப் பற்றிக் கதைச்சால் போதும், ரெலிபோனைத் தூக்கி மடியில வைச்சுக்கொண்டு, தேத்தண்ணி ஆற முன்னம் அவன்ரை பேரன் ஆர், தாய் எந்தப் பகுதி, மச்சாள் எங்க கட்டினவள் எண்டு எல்லாத்தையும் எடுத்துப்போடுவா. என்ரை மாப்பிளையின்ரை விஷயத்தில மட்டும் அந்த ரெலிபோன் பலிக்கேல்லை. சம்பந்தம் பேசினவர் சித்தப்பாவோட வேலை செய்யிற ஆள். அவருக்குத் தெரிஞ்சது, நல்ல பெடியன், தாய் தேப்பன் இல்லை, அவ்வளவுதான்.

"ஸ்காபரோவில ஒரு சொந்தமும் இல்லாத தமிழனை நான் இப்பத்தான் காணுறன். உவன் என்னத்தையோ மறைக்கிறான்," எண்டா சின்னம்மா.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாப்பிளை ஒரு பெட்டி டோனட்டோட வந்தார். நல்ல உயரம், மடிப்புக் குலையாத சேட்டு, நகத்துக்குள்ள மட்டும் கறுப்பு. ஒரு இத்தாலிக்காரக் கிழவரின்ரை கராஜில பழைய எஞ்சின்களைப் பிரிச்சுத் திருத்திற வேலை எண்டார். சின்னம்மா வடைத் தட்டை முன்னால வைச்சிட்டு, வைச்ச கையோடயே தொடங்கினா.

"தம்பி, உங்கடை ஆக்களைப் பற்றிச் சொல்லுங்கோவன்."

மனிசன் வடையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பேந்து, "இப்ப நாங்கள் ஒரு இத்தாலி ஸ்போர்ட்ஸ் காரின்ரை எஞ்சின் செய்யிறம் அன்ரி," எண்டார். "அது ஒரு பெரிய குடும்பம்."

அவ்வளவு நேரமும் முணுமுணுத்த மனிசனுக்கு எங்கயிருந்துதான் கதை வந்ததோ! மூத்தது ஐம்பதுகளில மிலானில பிறந்ததாம். ஆயிரத்து முந்நூறு சீசீ, சின்ன உடம்பு, முழுக்க அலுமினியம். வால்வைத் திறந்து மூடுற தண்டு சாதாரணக் காருகளுக்கு ஒண்டு, இதுக்கு மேல ரெண்டாம். பேந்து ஆயிரத்து அறுநூறு பிறந்தது. அதுக்குப் பிறகு ஆயிரத்து எழுநூற்றி ஐம்பது, கடைசியில ரெண்டு லீட்டர். ஒண்டு ரேஸுக்குப் போச்சுது, ஒண்டு பொலிசில சேர்ந்தது, ஒண்டு பாவம், சாமான் வான் இழுத்தது.

"பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தால், எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் எண்டு நீங்களே சொல்லுவியள் அன்ரி."

சின்னம்மாவின்ரை மகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ள ஓடினாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கடல் கடந்து வந்து இருக்கிறன், என்னட்டை ஒரு கேள்வி, பயணம் எப்பிடி, குளிர் பிடிக்குதோ எண்டாவது கேட்டிருக்கலாம். ரெண்டு லீட்டருக்கு மட்டும் அந்தச் செல்லம்!

அடுத்த ஞாயிறும் உதே கூத்து. அதுக்கடுத்ததும் உதுதான். சின்னம்மா ஆக்களைக் கேப்பா, அவர் மிலானுக்குப் போயிடுவார்.

"உவனுக்கு நட்டுக் கழண்டு போச்சுது பிள்ளை. நீ வேண்டாம் எண்டால் சொல்லு, நான் அக்காவோட கதைக்கிறன். திரும்பிப் போறதில ஒரு வெக்கமும் இல்லை," எண்டு சின்னம்மா சொன்னா.

வெக்கமில்லைத்தான். ஆனால் எங்க திரும்பிப் போறது? அங்க சண்டை நடக்குது, அம்மாவும் அப்பாவும் ஆரோ ஒருத்தரின்ரை வீட்டில ஒதுங்கி இருக்கினம். இங்க ஒரு விசர் மாப்பிளை, அங்க ஷெல்லடி. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாத்தான் வெளியில வரும். சித்தப்பாவை நச்சரிச்சு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கராஜில என்னை இறக்கிவிடச் சொன்னன். ரெண்டில ஒண்டு கேக்கிறதெண்டுதான் போனனான்.

அந்த இத்தாலிக்காரக் கிழவர் என்னைக் கண்டதும் ஒரு கதிரையைத் துடைச்சுப் போட்டு, கஷாயம் மாதிரி ஒரு கோப்பியும் தந்திட்டு, மரியாதையாப் பின்பக்கம் போயிட்டார். நடுவில ஒரு இரும்புத் தாங்கியில எஞ்சின் நிண்டது. வெள்ளி மாதிரி மினுக்கி வைச்சிருந்தவை. அழகுதான், இல்லையெண்டு சொல்லேல்லை.

"இதுதான் ஆயிரத்து எழுநூற்றி ஐம்பது," எண்டு அவர் தொடங்கினார்.

"எனக்கு இதின்ரை அண்ணன் தம்பி வேண்டாம்!" எண்டு நான் கத்தினன். "உங்கடை அண்ணன் தம்பி ஆர், அதைச் சொல்லுங்கோ. நான் என்ன, எஞ்சினையோ கட்டப்போறன்?"

அவர் கையில இருந்த துணியை மடிச்சு மேசையில வைச்சார்.

"ஒரு தங்கச்சி இருந்தவள். அம்மா, அப்பா, அவள், மூண்டு பேரும் ஒரே நாளில. வீட்டில ஷெல் விழுந்தது. நான் அப்ப கொழும்பில நிண்டனான்."

நான் கோப்பிக் கோப்பையைக் கீழ வைச்சன். "ஏன் சின்னம்மாவுக்குச் சொல்லேல்லை?" எண்டு கேட்டன்.

"சொன்னால் எல்லாரும் எப்பிடிச் செத்தவை எண்டுதான் கேக்கினம். எங்க விழுந்தது, ஆர் தூக்கினது எண்டு. எப்பிடி இருந்தவை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. இந்த எஞ்சினைப் பற்றியெண்டால் பிறந்ததில இருந்து சொல்லலாம். ஆக்களும் கேட்டுக்கொண்டு இருப்பினம்."

நான் பேசவெண்டு கொண்டு போன பேச்செல்லாம் எங்க போச்சுதோ தெரியாது. பாவி, உந்த மனிசனையோ நட்டுக் கழண்டது எண்டு சிரிச்சனாங்கள்! வாயில வந்ததைக் கேட்டன்.

"தங்கச்சி உங்களோட சண்டை பிடிக்கிறவவோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்டைக்குத்தான் முதல் முதல் நேராப் பார்த்தவர்.

"சண்டையோ! ஐயோ, என்ரை சைக்கிள் காத்தைத் திறந்துவிட்டிட்டு, பம்பை வாடகைக்கு விடுவாள் அவள்," எண்டு சிரிச்சார்.

அதுக்குப் பிறகு நிப்பாட்டேலாது. அம்மா விருந்தெண்டால் பதட்டத்தில ரெண்டு தரம் உப்புப் போட்டுவிடுவா. அப்பா பிரசங்கத்துக்கு எல்லாருக்கும் முன்னால போய் இருந்துகொண்டு குறட்டை விடுவார். நான் கேட்டுக்கொண்டே இருந்தன், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கிழவர் கடையைப் பூட்டவேணும் எண்டு எங்களை அனுப்பினார். பஸ்ஸிலயும் கதை. நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போனது எனக்குத் தெரியும், நான் மணி அடிக்கேல்லை. இவரைத்தான் கட்டுறதெண்டு அந்தப் பஸ்ஸுக்குள்ளதான் முடிவெடுத்தனான்.

வீட்டை போன உடனே சின்னம்மாவுக்கு எல்லாத்தையும் சொன்னன். அவ குசினிக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டா. கழுவ ஒரு கோப்பையும் இருக்கேல்லை.

அடுத்த ஞாயிறு அவ ஆக்களைப் பற்றிக் கேக்கேல்லை. "தம்பி, அந்த ரெண்டு லீட்டர்க்காறன் இப்பவும் ஓடுறானோ?" எண்டு கேட்டா.

"ஓம் அன்ரி. ஆனால் அந்தக் குடும்பத்தை இனி நிப்பாட்டப் போகினமாம். புதுசா வேறை எஞ்சின் வருதாம்."

"நிப்பாட்டினால் என்ன? ஓடுறது ஓடத்தானே செய்யும். நீங்கள் வடையைச் சாப்பிடுங்கோ."

எங்கடை ஆக்களின்ரை கலியாணங்களில கூறைச் சீலையும் தாலியும் மாப்பிளை பகுதிதான் கொண்டுவாறது. மாப்பிளையின்ரை சகோதரிதான் தோழி. அவதான் பொம்பிளையை உள்ள கூட்டிக்கொண்டு போய்க் கூறை உடுத்திவிடுறது. கலியாணத்தண்டைக்குக் கோயில் மண்டபத்தில என்ரை பக்கம் முழுக்கச் சனம். மாப்பிளையின்ரை பக்கத்தில கராஜ் ஆக்கள் கொஞ்சப்பேர், கோட்டுப் போட்ட அந்தக் கிழவர், மிச்சமெல்லாம் வெறும் கதிரை. ஐயர் கூறைத் தட்டத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, "மாப்பிளை பகுதியில தோழி ஆர்? வாங்கோ," எண்டு கூப்பிட்டார். மாப்பிளை தலையைக் குனிஞ்சார்.

அப்பத்தான் சின்னம்மா என்ரை பக்கத்தால எழும்பினா. மணவறையைச் சுத்திக்கொண்டு அங்கால போய், அவருக்குப் பக்கத்தில நிண்டு, தட்டத்தை ரெண்டு கையாலயும் வாங்கினா. "உவ பொம்பிளையின்ரை சித்தியெல்லோ?" எண்டு சனம் குசுகுசுத்தது. அவ திரும்பிப் பார்க்கேல்லை.

உள்ள, வாயில ஊசியைக் கடிச்சுக்கொண்டு கூறையை மடிப்பெடுத்துக் கொய்தா. நான் "சின்னம்மா" எண்டன்.

பிறந்த நாள் தொட்டு என்னை நீ, எடி எண்டே கதைச்ச மனிசி, ஊசியை எடுத்திட்டு, ஆரோ அந்நியப் பொம்பிளையோட கதைக்கிற மாதிரி 'நீர்' போட்டுச் சொன்னா:

"இஞ்சரும் பிள்ளை, எங்கடை தம்பியை வாய்க்கு வந்தபடி பேசிப்போடாதையும். அவன் ஆக்கள் இல்லாத பெடியன் இல்லை. நாங்கள் இருக்கிறம்."

நான் கொய்த கூறையோட நிண்டு குழறி அழுதன். மை கரையுது எண்டு அதுக்கும் அவதான் ஏசினா.