பதினேழு டேப் துண்டுகள்

என் அக்காவின் கணவருக்கு நடனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சின்ன அரங்கம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக மேடைப் பொறுப்பாளர். நான் அதே அரங்கத்தில் டிக்கெட் கிழிக்கிறேன், அவர் வாங்கிக் கொடுத்த வேலை. அதனால் கொஞ்சம் மரியாதையாகவே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்களும் செவ்வாயும் அரங்கம் சும்மா கிடக்கும். புதிதாக நடனம் அமைக்கிறவர்களுக்கு அந்த நாட்களில் மேடையை இலவசமாகக் கொடுக்கச் சொல்லி, மேலாளரை நச்சரித்தே சம்மதிக்க வைத்தவர் அத்தான்தான். பூட்டிக் கிடக்கும் மேடையைப் பார்த்தால் வயிறு எரிகிறதாம். வருகிறவர்கள் அமைப்பதெல்லாம் நவீன நடனம். ஒருத்தி பத்து நிமிடம் சுவரைப் பார்த்து நிற்பாள், மூன்று பேர் தரையில் உருளுவார்கள். அத்தான் ஓரத்திரைக்குப் பக்கத்தில் நின்று ஒத்திகை முழுவதையும் பார்த்துவிட்டு வந்து, ஒரு மண்ணும் புரியவில்லை என்பார். புரியாததை எதற்கு மணிக்கணக்கில் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டால், விளக்கை யாராவது அணைக்க வேண்டாமா என்பார். காட்சி இல்லாத நாட்களில் அதற்குத்தான் நான் இருக்கிறேன் என்பது அவருக்கு நினைவே வராது.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை, வாரம் இரண்டு நாள் மாலையில் இங்கே ஒத்திகை. ஐந்து பேரை வைத்து அவள் அமைத்த முதல் நடனம் அது. பார்க்க ஒரு தேர்வுக்குழு வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஒரு வருடத்துக்கு ஒத்திகைக்கூடமும் சம்பளமும் உண்டு. பிடிக்காவிட்டால் பழையபடி மேஜைதான். ஓடி வந்து சட்டென்று நிற்கும் நடனம் என்பதால், யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் துண்டுகள் ஒட்டி வைத்திருந்தாள். மொத்தம் பதினேழு.

குழு வருகிற அன்றைக்கு அத்தானுக்கு அன்பு பொங்கிவிட்டது. முந்தின நாள் ஒரு பள்ளி ஆண்டுவிழாக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன டேப்புகளை உரிக்கத் தொடங்கியவர், அதே வேகத்தில் அவளுடையதையும் சேர்த்து உரித்து, தரையை முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்து வைத்துவிட்டார். அவள் வந்து பார்த்தாள். இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.

"என் டேப்பெல்லாம் எங்க அண்ணா?"

அத்தானின் முகம் செத்துப்போனது. எனக்கோ வந்த கோபத்துக்கு அளவில்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பெண்ணின் ஒரு வருடத்தையே துடைத்து வைத்திருக்கிறாரே மனுஷன்!

அவர் டேப் சுருளை எடுத்துக்கொண்டு மேடையில் மண்டியிட்டார். அளக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. இங்கே குட்டையன் விழுவான், இங்கே நெட்டச்சி திரும்புவாள் என்று முணுமுணுத்தபடி பத்தே நிமிடத்தில் பதினேழையும் ஒட்டிவிட்டார். அவள் போனில் எடுத்து வைத்திருந்த ஒத்திகையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பதினாறு சரி.

"இது மட்டும் ஒரு அடி முன்னால இருக்கு அண்ணா."

"டேப் பின்னாலதாம்மா இருந்துச்சு. ஆனா அங்க நிக்க வேண்டிய பொண்ணு ஒருநாளும் அதுல நின்னதில்ல. நீ பின்னால போகச் சொன்னா போவா. ஓடி வந்தா மறுபடியும் இங்கதான் வந்து நிப்பா."

ஓரமாக நின்றிருந்த ஐந்து பேரில் ஒருத்தி, திருட்டுத்தனம் பிடிபட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். நடனம் அமைத்தவள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டேப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, குழு தருவதாகச் சொன்ன அந்த ஒரு வருடம் அவளுக்குக் கிடைத்தது. வேலையை விடுவதாக மருத்துவமனையில் சொல்லிவிட்டு நேராக எங்களிடம்தான் வந்தாள், கையில் ஒரு படிவத்தோடு. வருடம் முழுவதும் கூடவே இருந்து ஒத்திகையைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல ஒருவரை அவள் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அந்த இடத்தில் அத்தானின் பெயரை எழுதியிருந்தாள், அவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. அத்தான் பதறிப்போய், நடனம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றார்.

"நானும் டேப்பத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணா. நீங்கதான் அவளப் பாத்தீங்க."

அத்தான் படிவத்தைக் கையில் வாங்கினார். பிறகு, பேனா இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.