அந்தோணி ஊன்றிய ஆற்றுப்பாலை

லுக்குட் டவுனில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தோணியின் மகன் அழைத்தான். "மாமா, அப்பா காலையில போயிட்டாரு." அழுதேன். அழுதுகொண்டே, இதிலும் முந்திக்கொண்டானே என்று நினைத்தேன். அவனை அறிந்தவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவனைப் பார்த்து நான் வயிறெரிவது நாங்கள் இருந்த லாபு ரப்பர்த் தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை.

அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் ஓடைக்கரை மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் போடுவது நாங்கள் இருவரும்தான். ஓர் ஆண்டு மூங்கில் கிடைக்கவில்லை. ஓடையோரம் வளர்ந்திருந்த ஆற்றுப்பாலை மரக் கிளைகளை வெட்டிப் பந்தல்கால் நட்டோம், ஆளுக்கொரு பக்கம். திருவிழா முடிந்ததும் நான் என் கால்களைப் பிடுங்கி அடுக்கி, குழிகளையும் மூடினேன். அவன் அசையவில்லை.

"இருக்கட்டும் லா. அடுத்த வருஷமும் இங்கதானே போடப் போறோம்."

சில வாரங்களில் அவன் நட்ட கால்கள் எல்லாம் துளிர்த்துவிட்டன. ஈரத்தில் ஊன்றிய கிளை வேர்விடுவது அந்த மரத்தின் குணம். யார் கேட்டார்கள்? அந்தோணிக்குக் கைராசி என்றார்கள். அடுத்த வெள்ளத்தில் என் பக்கக் கரை சரிந்தது. வேர் பிடித்திருந்த அவன் பக்கம் அப்படியே நின்றது. பெண்கள் அந்த மரங்களுக்கு மஞ்சள் துணி கட்டத் தொடங்கினார்கள். என் மனைவியே, "அந்தோணி அண்ணன் வச்சா பந்தக்காலே தழைக்குது. நீங்க வச்ச ரோஜாவைப் பாருங்க" என்றாள். ஒழுங்காக வேலை செய்தவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

ஒருநாள் பொறுக்காமல் அவனிடமே கேட்டுவிட்டேன். "சோம்பேறித்தனத்துல விட்டதுதானேடா? எல்லார்கிட்டயும் சொல்லேன்."

"சொல்லிட்டேன் லா. யாரும் நம்பல. ரொம்ப அடக்கமான மனுஷன்னு அதுக்கும் சேர்த்துப் புகழுறாங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபமும் நிற்காது. அதன்மேலும் எனக்குப் பொறாமைதான்.

அவனை அடக்கம் செய்த அன்று அவன் மனைவி மேரி என்னிடம் வந்தாள். "அண்ணே, அந்த மரத்துல ஒரு கொப்பு வெட்டிவந்து, அவர் தலைமாட்டுல நீங்களே ஊனிடுங்க."

ஊன்றினேன். கல்லறைத் தோட்டம் மேட்டு நிலம். ஆற்றுப்பாலைக்கோ எந்நேரமும் ஈரம் வேண்டும். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறேன். பட்டுப்போனால் என் கையைச் சொல்வார்கள். துளிர்த்தால், செத்தும் அந்தோணியின் கைராசி என்பார்கள்.

துளிர்க்கட்டும். உன் பெயரையே சொல்லட்டும் அந்தோணி, எனக்கு வயிறு எரியட்டும். உன்னிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.