மூன்றாம் கூடத்து முக்காலி

தூணுக்குக் கால் வலிக்குமா? வலிக்கும். அந்த அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில் காவல் நின்ற மனிதரை உடன் வேலை பார்த்தவர்கள் 'தூணார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு நன்றாகவே வலித்தது. காலையில் கதவைத் திறக்கும்போது குதிகாலில் ஆரம்பிக்கிற வலி, சாயங்காலம் பூட்டுகிற நேரத்துக்கு இடுப்புவரை ஏறியிருக்கும். வீட்டுக்குப் போய்க் காலணியைக் கழற்றினால் பாதம் உப்பிக் கிடக்கும். அதைப் பார்க்கிற தெம்புகூட இல்லாமல் கண்ணை மூடிக்கொள்வார்.

வாலிபத்தில் அவர் அரண்மனைக் கிடங்கில் பெட்டி தூக்கியவர். ஆளுகிற குடும்பத்துக்குக் காசுக்கா பஞ்சம்? தாத்தா குதிரை வாங்கினார், அப்பா கடிகாரம் வாங்கினார், மகள் படமும் சிலையும் வாங்கினார். மகள் என்றால் சின்னப் பெண் இல்லை, இப்போது ஆள்கிறவரின் அக்கா. அறுபதைத் தாண்டியும் ஊருக்கு அவர் இளவரசிதான். அதைச் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை. வந்திருந்தாலும் வெளியே விட்டதில்லை. கப்பல் கப்பலாகச் சாமான் வந்து இறங்கியது. கிடங்கு நிறைந்தது, குதிரை லாயம் நிறைந்தது, விருந்தினர் மாளிகையும் நிறைந்தது. கடைசியில், "இதுக்கெல்லாம் ஒரு வீடு கட்டிடலாமே" என்றார் இளவரசி. கல்லும் கண்ணாடியுமாக ஒரு பிரம்மாண்டம் எழுந்தது. பெட்டி தூக்கியவர்களுக்குக் கோட்டு மாட்டி ஆளுக்கொரு கூடத்தில் நிறுத்தினார்கள். பதவி உயர்வாம்! முதுகு சுமந்ததை இனிமேல் கால் சுமக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

காவலர் உட்காரக் கூடாது என்பது சட்டம். உட்கார்ந்திருக்கிற ஆள் படத்தின் அழகைக் கெடுத்துவிடுவாராம். நிற்கிற ஆள் கெடுக்க மாட்டாரா என்று கேட்க அங்கே யாருக்கு வாய் இருந்தது?

இளவரசி பொருள் வாங்குகிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். விலை கேட்க மாட்டார், செய்தவர் யார் என்றும் கேட்க மாட்டார். விரலை நீட்டி ஒரு மூச்சு நிற்பார். பின்னால் வருகிற காரியதரிசி அந்தப் பொருளில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். கட்டினால் கட்டியதுதான், சேகரிப்பில் சேர்ந்தாயிற்று. ஒருமுறை ஏதோ ஒரு கடையில் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைக் காட்டினார். போடச் சொல்லித்தான் காட்டினார். விசிறி கப்பலேறி வந்து சேர்ந்தது. இரண்டாம் கூடத்தில் சுற்றாமல் தொங்குகிறது, ஜனங்கள் அண்ணாந்து பார்த்து மெய்மறக்கிறார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது?

நரம்பு புடைத்துக் கெண்டைக்காலில் தோல் கறுத்தபோது தூணார் வைத்தியரிடம் போனார். கூட மனைவியும் போனார்.

"இனிமே நாள் பூரா நிக்கிற வேலை ஆகாது. புண்ணு வந்தா ஆறாது. அப்புறம் காலையே எடுக்கணும்னு வரும். நடுநடுவுல உக்காருங்க, அது போதும்" என்றார் வைத்தியர்.

"உக்கார விட மாட்டாங்களே டாக்டர்."

"அப்ப நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி சமையலறையிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். முட்டி மடங்காத மனுஷி. அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவார், அரிசி களைவார். ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்குக் கீழே செருப்புத் தோல் வைத்து ஆணி அடித்திருந்தது.

"இதைக் கொண்டுபோங்க. யார் என்ன சொன்னாலும் நேரம் கிடைக்கிறப்ப உக்காந்துக்கங்க."

"நீ என்ன பண்ணுவே?"

"நான் நின்னுக்கிட்டு நறுக்குறேன். எனக்கென்ன, ரெண்டு பேர் சமையல்தானே? உங்களுக்கு ஒரு கால் போச்சுன்னா சேர்த்து நான்தான் சுமக்கணும், ஞாபகம் வச்சுக்கங்க!"

மேற்பார்வையாளர் ஈரமுள்ள மனிதர். "சிலைக்குப் பின்னாடி வச்சுக்கங்க அண்ணே. அவங்க வர்றப்ப வாசல்ல இருந்து சொல்லிடுவாங்க. எடுத்து ஒளிச்சிருங்க" என்றார். அப்படியே சில வாரம் ஓடியது. தூணாருக்கு உயிர் திரும்பி வந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து காலை நீட்டும்போது, அட, இதுவல்லவா சொர்க்கம் என்றிருக்கும். ராத்திரி தூங்கினார். மனைவியோடு நாலு வார்த்தை சிரித்துப் பேசினார்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படித்தான் ஆயிற்று. ஒருநாள் இளவரசி வாசல் வழியாக வராமல், சாமான் ஏற்றுகிற பின்பக்க லிப்டில் ஏறி நேராக மூன்றாம் கூடத்துக்கே வந்துவிட்டார். தூணார் அலறியடித்து எழுந்தார். முக்காலி நட்ட நடுவில் அப்படியே நின்றது. இளவரசி அதைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. விரலை நீட்டினார். ஒரு மூச்சு நின்றார். பிறகு போய்விட்டார்.

'இந்தச் சனியனை அப்புறப்படுத்து' என்றுதான் அந்த விரல் சொல்லியிருக்கும் என்று தூணார் கடைசிவரை நம்பினார். வேலை போயிற்று என்று அவர் விறைத்து நிற்கையில், காரியதரிசி குனிந்து முக்காலியின் காலில் சிவப்பு நூலைக் கட்டினார்.

மறுநாள் தூணார் காரியதரிசியின் அறைக்குப் போனார். "ஐயா, அது என் சம்சாரம் காய் நறுக்குற முக்காலிங்க."

காரியதரிசி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவரும் களைத்துத்தான் இருந்தார். "தெரியும்ப்பா. அடியில வெங்காயச் சருகு ஒட்டியிருந்துச்சு. நான் போய் 'நீங்க காட்டுனது காவக்காரன் வீட்டு முக்காலி'ன்னு சொல்லணுமா? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் அவங்க விரலைத் தப்புன்னு சொன்னதில்லை. நீ சொல்றியா, சொல்லு. கூட்டிட்டுப் போறேன்."

தூணார் வாயைத் திறந்தார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டார்.

முக்காலிக்கு ஒரு மேடை வந்தது, மேலே விளக்கு வந்தது, சுற்றிக் கயிறு வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: காட்சிப் பொருளோடு குழப்பம் வரும் என்பதால் மூன்றாம் கூடத்தில் வேறு எந்த இருக்கையும் இருக்கக் கூடாது. காவலர் முக்காலியின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் அதை வாசித்துக் காட்டும்போது தூணாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயம் கேட்டு மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "கால்?" என்று கேட்டார். "நீ சும்மா இரு" என்று தூணார் எரிந்து விழுந்தார். கெண்டைக்காலில் புண் வாய் திறந்திருந்ததை அவர் சொல்லவில்லை. துணி சுற்றி மறைத்துக்கொண்டு போய்வந்தார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. பாதி நாள் அந்த முக்காலிமேலேயே வந்தது.

பொதுமக்களை இலவசமாக விடுகிற ஒரு நாளில் மனைவி கிளம்பி வந்துவிட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அத்தனை படியும் ஏறி, ஒவ்வொரு கூடத்திலும் வழி கேட்டுக் கேட்டு மூன்றாம் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். வேர்த்துக் கொட்டியது. கணவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனார். மேடையில் ஏறி, "அப்பாடா" என்று தன் முக்காலியில் உட்கார்ந்தார்.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தூணார் இரண்டே எட்டில் அங்கே போய்விட்டார். மனசு என்ன நினைத்ததோ, வாய் அதற்கு முன்னால் போய்விட்டது. "தயவுசெஞ்சு எழுந்திருங்கம்மா. காட்சிப் பொருளைத் தொடக் கூடாது" என்று, ஊர் பேர் தெரியாத யாரிடமோ பேசுகிற அதே குரலில் சொன்னார்.

மனைவி ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய காலையும் பார்த்தார். கால்சட்டையின் ஓரத்தில் ஈரக் கறை தெரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். உட்கார்ந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டார். கயிற்றுக்கு வெளியே வந்ததும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"நீங்க உக்காரணும்னுதானே குடுத்தேன்."

தூணாருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. படி இறங்கும் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தார். ஆனால் இடத்தைவிட்டு நகரக் கூடாதே. மனைவி கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதை, முக்காலியின் பக்கத்தில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.