படகில் எழுதிய என் எண்

என் கல்லூரிப் பதிவு எண் எங்கள் மீனவக் குப்பத்தில் பால் குடிக்கிற குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. நைனா அதைப் படகில் எழுதிவிட்டார்.

நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் வகுப்பாசிரியை எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: மதிப்பெண்ணோ, வருகைக் குறைவோ, எதுவானாலும் பலகையில் பெயரைப் போட மாட்டோம், எண்ணை மட்டும்தான் போடுவோம், அது யாருடையது என்று வேறு யாருக்கும் தெரியக் கூடாது, ஐடி கார்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை ஊருக்கே தெரிகிற இடத்திலிருந்து போனவள் நான். எனக்கென்று மட்டும் ஒன்று, அது வெறும் எண்ணாகவே இருக்கட்டும், இருப்பது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

அன்றைக்கே கார்டை நைனாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவள் நான்தான். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்போது எங்கள் ஃபைபர் படகுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை கரைக்குப் போய்ப் பார்த்தால், படகின் பதிவு எண்ணுக்குக் கீழே என் எண், சிவப்பில், ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது.

"இத எழுதக் கூடாது நைனா. யாருக்கும் தெரியக் கூடாதுனு சொல்லிருக்காங்க."

சிரித்தார். "நம்பர எவனாவது ஒளிச்சி வெப்பானா? வெளிய தெரியத்தானம்மா நம்பரு. கடல்ல எதுனா ஒண்ணு ஆச்சினா, அத வச்சித்தான் இன்னார் போட்டுனு தேடி வருவாங்க."

அவர் பிழைப்பில் அது சரிதான். அங்கே எண் இருப்பதே ஆளைக் கண்டுபிடிப்பதற்கு. கடலை ஒட்டிய ஏரியில்கூட யாருக்கு எந்த நாள் எந்த இடத்தில் வலை என்பதை ஊர்கூடி, எல்லார் காதிலும் விழச் சொல்லித்தான் பிரிப்பார்கள். மறைத்தால் அது திருட்டு. அவருக்கு நான் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

இரண்டாம் ஆண்டில் எனக்கு முடியாமல் போனது. காய்ச்சல், தலைவலி என்று வெளியே சொல்லிக்கொள்ளும்படியான முடியாமை இல்லை. சோறு இறங்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணீர் வரும். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், இறங்கவே வேண்டாம், இப்படியே எங்காவது போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்றிருக்கும். கல்லூரிக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வரப்போகிறார் என்று அறிவித்ததும் நானாக மாடி அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்தேன். அந்த மாடிப்படி ஏற எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

யார் எந்த நாள் வர வேண்டும் என்ற பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கல்லூரி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது; ஒரு பெயர்கூட இல்லை, எண்கள் மட்டும். ஆனால் எங்கள் குப்பத்திலிருந்து அதே கல்லூரிக்கு வருகிற இன்னொருத்திக்குத் தனி போன் கிடையாது. அண்ணன் போனில்தான் குழுவைப் பார்ப்பாள். அந்த அண்ணன் தினமும் எங்கள் படகுக்குப் பக்கத்தில் படகு தள்ளுகிறவன்.

அவன் கெட்டவன் இல்லை. கரையில் அத்தனை பேர் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருக்க, நைனாவிடம் போனை நீட்டி வெள்ளந்தியாகக் கேட்டானாம்: "மாமா, உங்க போட்ல இருக்கற நம்பரு இன்னாத்துக்கு இதுல வந்துகீது?"

பட்டியலின் தலைப்பை யாரோ உரக்கப் படித்தார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மனநல ஆலோசனை 'மெண்டல் டாக்டர்' ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரியம்மா முறை ஒருத்தி தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, "எந்தப் பையன்?" என்று கேட்டாள். அதையும் என்னிடம் கேட்கவில்லை, என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள். எல்லாம் அன்பாகத்தான். அந்த அன்பை மூட்டை கட்டி ஏரியில் போடலாம் போலிருந்தது.

அம்மா முடிவெடுத்துவிட்டாள். "படிச்சதெல்லாம் போதும். நாளைக்கு எவனாவது பொண்ணு கேட்டு வருவானா? இனிமே நீ பஸ் ஏற வாணாம்."

மறுநாள் நைனா என் எண்ணின் மேல் கறுப்பு பெயின்ட் பூசியிருந்தார். அது இன்னும் மோசம். அதுவரை கண்டுகொள்ளாதவர்களும் அந்தக் கறுப்புப் பட்டையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்கள். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பெருமைக்கு எழுதியதும் அவர், வெட்கத்துக்கு அழித்ததும் அவர். இரண்டுக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குக் குறித்திருந்த நாள் வந்தது. போக முடியாது என்று சுருண்டு படுத்திருந்தேன். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்க இப்போதும் பயமாக இருக்கிறது. நைனா கடலுக்குப் போகாமல், வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கெளம்புமா" என்றார். அம்மா கத்தினாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

ஆலோசகருக்கு என் அம்மா வயதிருக்கும். அறை வாசலுக்கு வந்து, பெயர் சொல்லாமல், என் எண்ணை மெதுவாகப் படித்தார். எனக்கு முன்னால் நைனா எழுந்துவிட்டார்.

"நானும் உள்ள வரட்டா மேடம்?"

"இல்லைங்க. அவங்க மட்டும்தான்."

"அப்ப முடிஞ்சதும், இன்னா சொல்லிச்சினு எங்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேங்க."

"நான் பெத்தவன் மேடம்."

"தெரியுதுங்க. அவங்களே வந்து சொன்னாதான் உண்டு."

"அவங்க அம்மா வந்து கேட்டா? எங்க ஊர்ல எவனாவது வந்து கேட்டா?"

"யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

நைனா சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப எல்லாத்தியும் சொல்லிடுமா. ஒண்ணு வுடாத சொல்லிடு."

வராந்தாவில் நாற்காலிகள் கிடந்தன. அவர் உட்காரவில்லை. படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் வெயிலில் நின்றுகொண்டார். உள்ளே நான் அலறினாலும் அங்கே அவர் காதில் விழாது.