ஒற்றிக்கு எடுத்த பேர்

சீதனமாக எனக்குக் கிடைத்தது கோட்டுகாலில் ஒரு துண்டுப் பூமி. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அதை விற்றுத்தான் எங்கள் இரண்டாவது அம்பாசடர் காரை வாங்கினோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் எங்க வீட்டுக்காரர், அந்தக் காரை விற்று ஒரு பேர் வாங்கலாம் என்றார். மண் காரானது சரி. கார் ஓடியது, நாலு காசு வந்தது. அந்தக் கார் காற்றாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பேர் என்றால் கடைவாசலில் எழுதிவைக்கும் பேர் இல்லை. இன்டர்நெட்டில் டாட் காம் என்று முடியும் பேர். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, தொழில் டாக்ஸி. ஒரு காரை அவர் ஓட்டினார், என் காரைச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர் ஓட்டினார். கோவளத்தில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட வேண்டும். சவாரி கிடைக்க ஓட்டல் வாசலில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கமிஷன் அழ வேண்டும். அந்த அழுகைதான் அவரைப் பேர் பக்கம் தள்ளியது.

"இஞ்ச பாரு, அந்தப் பேரு கையில உண்டும்னா வெள்ளக்காரன் அவனுக்க வீட்டுல இருந்தே நம்மள விளிப்பான். ஒருத்தனுக்கும் கமிஷன் குடுக்கண்டாம்."

"விளிச்சா ஏறி இருக்க கார் வேண்டாமா? காரை வித்துட்டு எதுல கொண்டு போவீங்க, அந்தப் பேருலயா?"

"ஒரு கார் பாக்கி உண்டுல்லா."

பாக்கி இருக்கப்போவது அவருடைய கார் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

பேர் வைத்திருந்தவர் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு அருகே கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் முறை. அமெரிக்காவில் இருந்த கூட்டுக்காரன் மூலமாக இப்படிப் பல பேர்களை முன்கூட்டியே பதிந்து போட்டிருந்தார். மிளகுக்கு ஒன்று, கயிற்றுக்கு ஒன்று, யானைக்குக்கூட ஒன்று. ஒன்றும் விற்றபாடில்லை. எங்களுக்கு அவர் காட்டியது கடற்கரையையும் காரையும் சேர்த்த இரண்டு குட்டி ஆங்கிலச் சொற்கள். இப்போது அது வேறு யார் கையிலோ இருப்பதால் இங்கே எழுதவில்லை. "இது பிரீமியம் பேராக்கும், அண்ணி" என்றார். எனக்குத் தெரிந்த பிரீமியம் இன்ஷூரன்சுக்குக் கட்டுவது ஒன்றுதான். விலையைக் கேட்டதும் இதற்கும் செத்தால்தான் பணம் கிடைக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது.

வீட்டில் சண்டை முற்றி விஷயம் மாமாவிடம் போயிற்று. மாமா, அதாவது எங்க வீட்டுக்காரரின் அப்பா, பனச்சமூட்டில் நிலத் தரகர். கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர் கால் படாத விளை கிடையாது. சபைக் கமிட்டியில் ஜெபம் நடக்கும்போதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு யாருடைய ரப்பர் தோட்டத்தையோ அளந்துகொண்டிருப்பார் என்பது என் நெடுநாள் சந்தேகம். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "பொருளை நேரில பாக்காம வெல பேசப்பிடாது" என்றார். மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பேரைப் பார்க்கக் கிளம்பினார். எங்க வீட்டுக்காரரும் நானும் பின்னாலேயே போனோம்.

மோடம் கீச்சிட்டுக் கனைத்து ஒருவழியாக அடங்கியது. திரையில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல ஒரு தென்னைமரம் இறங்கியது. மரத்தின் அடிமூடு தெரியும்வரை மாமா பொறுமையாகக் காத்திருந்தார்.

"முன்பிரமாணம் உண்டா?" என்று மாமா பழைய பத்திரத்தைக் கேட்டார்.

"பிரமாணம் எல்லாம் இல்ல பெரியப்பா. அமெரிக்காவுல பதிஞ்சிருக்கு."

"வேற ஆருக்காவது இதுல பாத்தியதை உண்டா?"

"இல்ல."

"நாலு அதிர்த்தியும் சொல்லு. கிழக்க ஆரு, மேற்க ஆரு?"

சென்டர்காரர் எங்களைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் தென்னைமரத்தைப் பார்த்தார்.

"கோடை காலத்துல கெணத்துல வெள்ளம் நிக்குமா?" என்று மாமா அடுத்ததைக் கேட்டார். அதற்கு அவரே விளக்கமும் சொன்னார். சீசன் சமயத்தில் எல்லாப் பேருக்கும் ஆள் வரத்தான் செய்யும். சீசன் இல்லாதபோதும் வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"வாங்கண்டாம். ஒத்திக்கு எடு."

எங்கள் ஊரில் ஒற்றி இல்லாமல் நிலமே இல்லை. சொந்தக்காரனுக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நிலத்தில் இறங்கிவிட வேண்டும். வட்டியும் கிடையாது, வாடகையும் கிடையாது, விளைவதை அனுபவித்துக்கொள்ளலாம். சொந்தக்காரன் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் நாளில் எழுந்து போக வேண்டும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்தச் சென்டர்காரர் சிரித்திருப்பார். இவர் இந்த ஊர்க்காரர்; இவருடைய வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னந்தோப்பே ஒற்றியில்தான் கிடந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி பெரியப்பா" என்றார்.

ஆறு மாதத் தவணைக்கு முத்திரைத்தாளில் எழுதினார்கள். எல்லை எழுத வேண்டிய இடத்தில் பத்திரம் எழுதுபவர் பேனாவை நிறுத்தினார். மாமா திரையில் பார்த்ததை நினைவில் வைத்துத் தயங்காமல் சொன்னார்: மேற்கே மூன்று டபிள்யூ, கிழக்கே டாட் காம், தெற்கும் வடக்கும் காலி. அப்படியே எழுதப்பட்டது. ஒற்றிப் பணம் மாமா ரப்பர் ஷீட் விற்று வைத்திருந்தது. பேர் ஒத்துவந்தால் பிறகு காரை விற்று முழுசாக வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. அதாவது என் காருக்கு விதித்த தண்டனை தள்ளிவைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

வருகிற மெயிலுக்குப் பதில் எழுத ஆள் வேண்டுமே. மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் டைப்ரைட்டிங் ஹையரும் வீட்டில் எனக்குத்தான் உண்டு. சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். இந்தப் பேர் எப்படித் தோற்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்து ரசிக்கலாம் என்ற நினைப்புதான் முதலில் இருந்தது.

நினைத்தபடியே நடந்தது. மெயில்கள் வந்தன, ஆனால் வெள்ளைக்காரர்கள் வரவில்லை. மலப்புறத்திலிருந்து ஒருவர் டிரைவர் வேலை காலி உண்டா என்று கேட்டார். மஸ்கட்டிலிருந்து மூன்று பேர் அதையே கேட்டார்கள். ஒருவர் கடற்கரையோரம் பத்து சென்ட் கிடைக்குமா என்றார். அதை மட்டும் மாமா ஆவலோடு வாங்கிக்கொண்டு போனார். சவாரி என்று வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான். "ஊத்து சின்னதாக்கும்" என்று மாமா உதட்டைப் பிதுக்கினார்.

அந்தச் சமயத்தில் ஹாலந்திலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் எழுதினார். முன்சீட்டில் உட்காரலாமா, வழியில் தூசி அதிகமா, அங்கே ஜனங்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டிருந்தார். புட்டும் பயறும் பப்படமும் என்று எழுதப்போய், புட்டுக்குற்றி என்றால் என்ன, அதில் மாவையும் தேங்காயையும் எப்படி அடுக்குவது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பதில் வந்தது. 'டியர் மேடம், உங்கள் கடிதத்தை என் தங்கைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்' என்று ஆரம்பித்திருந்தது.

வீட்டில் நான் 'இஞ்ச பாரு'. சபையில் தரகர் மருமகள். ரோட்டில் டாக்ஸிக்காரர் சம்சாரம். கடல் தாண்டி ஒருத்தி என்னை டியர் மேடம் என்று கூப்பிட்டு, நான் எழுதியதைச் சத்தமாக வேறு வாசிக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் உள்ள நாட்கள் எல்லாம் வேண்டாத நாட்களாகிவிட்டன.

ஒற்றித் தவணை முடிகிற சமயம் வந்தது. சென்டர்காரர், "அண்ணி, முழுசா வாங்குறியளா, இல்ல பணத்தைத் திருப்பித் தரட்டா?" என்றார். அன்று சாயங்காலம் நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"காரை வித்துருவோம்."

எங்க வீட்டுக்காரர் அப்போது என் காரைத்தான் கழுவிக்கொண்டிருந்தார். கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"வேண்டாம்டீ. இது உனக்க காராக்கும்."

"எனக்க காரை நான் விக்கேன். உங்களுக்கு என்ன?"

"ஆறு மாசம் முன்ன நீ என்ன பேச்சுப் பேசின? பேருல ஏத்திக் கொண்டு போவீங்களாண்ணு கேட்டியே."

"நீங்க மட்டும்? பேரு, பேருண்ணு கரைஞ்சது ஆரு?"

ஆறு மாதம் முன்பு அவர் பேசியதை நானும் நான் பேசியதை அவரும் ஒரு வரி விடாமல் பேசி முடித்தோம். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அதற்குள் ஒப்புக்கொள்வது நல்லது என்று அவருக்குத் தெரியும். அமரவிளையிலிருந்து ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, கதவுகளை அடித்துச் சாத்திப் பார்த்து, திங்கட்கிழமை அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

அதற்கு முந்திய சனிக்கிழமை, டீச்சருக்கு மாம்பழப் புளிசேரி என்ற மோர்க்குழம்பைப் பற்றி எழுதுவதற்காகப் போய் உட்கார்ந்தேன். தென்னைமரம் இறங்கவில்லை. வேறு ஏதோ ஒரு தேசத்துப் படகு விற்பனை இறங்கியது. சென்டர்காரர் பல தடவை அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் படகுதான் வந்தது. பேருக்கு அமெரிக்காவில் வருஷக் கட்டணம் கட்ட வேண்டுமாம். கட்டாததால் அது கைவிட்டுப் போய், வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். வந்த மெயில்களும் டீச்சரின் அட்ரசும் அதோடு போயின.

தகவல் கேட்டு மாமா ஓடிவந்தார்.

"எலே, கரம் ஏன் கெட்டல?" என்றார். நிலவரிக்கு எங்கள் பக்கம் கரம் என்று பேர்.

"அனுபவிக்கறவங்க கெட்டுவீங்கண்ணு நெனச்சேன் பெரியப்பா."

"ஒத்தி வஸ்துவுக்கு உடமஸ்தன்தாம்லே கரம் கெட்டணும்! இந்தத் தாலூக்கா முழுக்க அதாக்கும் வழக்கம்!"

வழக்கம் அமெரிக்காவுக்குத் தெரியவில்லை. மாமா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கரம் கட்டாத நிலம் எத்தனையோ அவர் பார்த்திருக்கிறார். நோட்டீஸ் வரும், ஜப்தி என்பார்கள், வில்லேஜ் ஆபீசர் வந்து சத்தம் போடுவார், ஆனால் நிலம் கிடந்த இடத்தில் கிடக்கும். "ஒரே ராத்திரியில எங்கலே போச்சு?" என்று படகைப் பார்த்துக் கேட்டார். கேஸ் கொடுக்கப் போன இடத்தில் வக்கீல் ஒற்றிப் பத்திரத்தை வாசித்து, கிழக்கு எல்லைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். சென்டர்காரர் ஒற்றிப் பணத்தைத் தவணை தவணையாகத் திருப்பித் தந்தார். அந்த விஷயத்தில் அவர் நல்ல மனுஷன்.

திங்கட்கிழமை அமரவிளைக்காரரை எங்க வீட்டுக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. என் கார் என் முற்றத்தில் பத்திரமாக நின்றது, நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். போனது காற்றுதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் டியர் மேடம் என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லையே.

சில வாரம் கழித்து ஒரு மதியம் டெலிபோன் அடித்தது. எங்க வீட்டுக்காரர் எடுத்து, "எஸ்... எஸ்..." என்று திணறி, ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னை விளித்தார்.

"வெளிநாட்டுப் பொம்பள. உன்னயத்தான் கேக்குது."

ஏதோ ஒரு மெயிலில் வீட்டு நம்பரும் எழுதியிருந்தேன். எழுதிய கடிதம் திரும்பி வந்ததால் டீச்சர் போன் செய்திருக்கிறார். எழுதுவதில் வீராங்கனையான எனக்கு அவர் பேசிய இங்கிலீஷ் பாதிக்குமேல் பிடிபடவில்லை. தங்கை வருகிறாள், கூட வேலைபார்த்த டீச்சர்மார் வருகிறார்கள், புட்டு, ஜனவரி என்று அங்கங்கே சில சொல் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் எஸ் மேடம் என்றேன். கடைசியாக அவர் நிறுத்தி, நிதானமாக ஒன்று கேட்டார். எனக்கு எழுதியது நீங்கள்தானா, நீங்களே ஏற்பாடு செய்வீர்களா?

"எஸ் மேடம்" என்றேன். இந்தத் தடவை புரிந்தே சொன்னேன்.

போனை வைத்தேன். எங்க வீட்டுக்காரர் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார்.

"எந்தக் கார் வேணுமாம்?"

"ரெண்டும்" என்றேன்.